செவி நரம்புக் கட்டியும் செம்மையான வாழ்வும்

(மகாவீரர் ஜெயந்தி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் அறநூல்களைப் பற்றியும் நம் முன்னோர் ஆற்றிய தமிழ்த்தொண்டைப் பற்றியும் அறிஞர்கள் உரையாற்றுவது வழக்கம். இவ்வாண்டு உடல்நலம் பற்றி, அதிலும் ஒரு நோயோடு வாழ்வது பற்றிப் பேசுமாறு பொறுப்பாளர்கள் என்னைப் பணித்துள்ளனர். நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இராஜபாளையத்தில் குடியேறி, திருவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் இடச்செவி நரம்பில் ஒரு கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. அதற்குக் கதிர் அறுவை என்னும் சிகிச்சையைப் பெற்றேன். அக்கட்டி இன்றும் என் தலைக்குள் இருக்கிறது. நானும் நலமாக இருக்கிறேன். இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எவ்வாறு என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கட்டியின் இயல்பு

மூளையிலிருந்து பன்னிரண்டு இணை நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் எட்டாவது நரம்பு உட்செவிக்குச் செல்வது. அதன் ஒரு பகுதி ஒலியைக் கொண்டு செல்கிறது. மற்றொரு பகுதி உடலின் சமநிலையை மூளைக்கு உணர்த்துகிறது. நரம்பைப் போர்த்தியிருக்கும் உறையில் ஷ்வான் செல்கள் என்பவை உள்ளன. அவை அளவு மீறிப் பெருகுவதால் உண்டாவதே இக்கட்டி. மருத்துவர்கள் இதனை அக்கூஸ்டிக் நியூரோமா என்று நெடுங்காலம் அழைத்து வந்தனர். பெரும்பாலும் சமநிலை நரம்பில்தான் இது தோன்றுகிறது என்பதால் வெஸ்டிபுலர் ஷ்வன்னோமா என்னும் பெயரை இப்போது வழங்குகின்றனர்.

இது புற்றுநோய் அன்று. உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவுவதும் இல்லை. பொதுவாக ஆண்டுக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. சிலருக்கு வளராமலும் நின்றுவிடுகிறது. ஆயினும் இது தோன்றுமிடம் குறுகலான எலும்புக் குழாய். முகத்தை இயக்கும் நரம்பும் அதே குழாயின் வழியே செல்கிறது. அதற்கு அப்பால் சிறுமூளையும் மூளைத்தண்டும் உள்ளன. ஆகவே, தன்னளவில் தீமையற்ற இக்கட்டி, இருக்கும் இடத்தால் இடர் தருவதாகிறது.

இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே இது புதிதாகக் கண்டறியப்படுகிறது. இத்துணை அரிய நோயைப் பற்றி இங்கே பேசுவானேன் என நீங்கள் வினவலாம். நோய் அரிதேயாயினும் அதன் முதல் அறிகுறி நம் வீடுகளில் அரிதன்று. ஒரு பக்கக் காது மந்தமாதலே அவ்வறிகுறி.

ஆலை ஊர்களில் ஓர் எச்சரிக்கை

இராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணியை விசைத்தறிகள் நெய்துகொண்டே இருக்கின்றன. இவ்வூர்களில் ஒருவருக்குக் காது மந்தமானால், "ஆலைச் சத்தம்" என்ற ஒரு சொல்லால் விளக்கம் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆலை ஓசை செவியைக் கெடுப்பது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் இரு செவிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் கெடுக்கும். ஒரு செவி மட்டும் மந்தமாகி மற்றொன்று நன்றாக இருக்குமாயின், ஆலையின் மீதோ முதுமையின் மீதோ பழி சுமத்தாமல் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

வீட்டிலேயே இதை ஓரளவு அறியலாம். தொலைபேசியை ஒருமுறை வலச்செவியிலும் ஒருமுறை இடச்செவியிலும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் குரல் கேட்டும் சொற்கள் விளங்கவில்லை என்றாலோ, ஒரு செவியில் மட்டும் இடையறாத இரைச்சல் இருந்தாலோ, நடையில் தடுமாற்றம் தோன்றினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணுங்கள். கைதட்டிச் சோதிப்பது போதாது. எங்கள் ஊரின் பெயர் பெற்ற வெள்ளை நாய்களில் சில, பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. பின்னால் நின்று கைதட்டினால், ஒரு செவி மட்டும் கேட்கும் குட்டியும் திரும்பிப் பார்த்துவிடும். மனிதர்க்கும் அவ்வாறே. நல்ல செவி மற்றதன் குறையை மறைத்துவிடும். ஒவ்வொரு செவியையும் தனித்தனியே அளக்கும் ஆடியோகிராம் சோதனையும், தேவையாயின் எம்.ஆர்.ஐ. படமும் உண்மையைக் காட்டும்.

என் வகையில் வகுப்பறையே அதனை வெளிப்படுத்தியது. இடப்புற வரிசையில் ஒரு மாணவன் எழுந்து விடை சொல்வான். அவன் குரல் வலப்புறத்திலிருந்து வருவதாக எனக்குத் தோன்றும். ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரு செவிகளையும் ஒப்பிட்டே அறிகிறது. ஒன்று குறைந்தால் திசையறிவு போய்விடுகிறது. மதுரையில் எடுத்த படத்தில் கட்டியின் அளவு 16 மில்லிமீட்டர் எனத் தெரியவந்தது.

கதிர் அறுவை வந்த வரலாறு

இந்நோயின் வரலாறு மருத்துவத்தின் பொறுமைக்குச் சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கட்டிக்கு அறுவை செய்துகொண்டவர்களுள் மிகப் பலர் உயிரிழந்தனர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917-இல் இக்கட்டியைப் பற்றித் தனி நூலே எழுதினார். அறிகுறிகள் செவியில் தொடங்குவதை வரிசைப்படுத்திக் காட்டியவரும் அவரே. 1960-களில் நுண்ணோக்கியின் துணையோடு அறுவை செய்யும் முறை வளர்ந்தபின் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது.

சுவீடன் நாட்டு அறிஞர் லார்ஸ் லெக்செல், கத்தியின்றிக் கதிர்களைக் கொண்டே மூளையினுள் அறுவையின் பயனைப் பெறலாம் என்று 1951-இல் முன்மொழிந்தார். அவர் வகுத்த காமா நைஃப் கருவி 1968-இல் ஸ்டாக்ஹோமில் செயற்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே செவி நரம்புக் கட்டிக்கு அச்சிகிச்சை அளிக்கப்பட்டது. நம் நாட்டில் 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைக்கு வித்திட்டனர். 1997-இல் மும்பை இந்துஜா மருத்துவமனையிலும் தில்லி எய்ம்ஸிலும் காமா நைஃப் வந்தது. இன்று காமா நைஃப், சைபர் நைஃப், நேரியல் முடுக்கி எனக் கருவிகள் பலவாக உள்ளன. அடிப்படைக் கருத்து ஒன்றே.

அக்கருத்தை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் ஓர் எண்ணைக் கொண்டு விளக்குவதுண்டு. திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உயரம் 192 அடி என்பர். காமா நைஃப் கருவியின் ஒரு வகையில் கோபால்ட் கதிர் மூலங்களின் எண்ணிக்கையும் 192. ஒவ்வொரு கதிரும் தனித்து மிக வலுக்குறைந்தது. தான் கடந்து செல்லும் மூளைப் பகுதிக்குக் கேடு செய்வதில்லை. எல்லாக் கதிர்களும் கூடும் ஒரு புள்ளியில் மட்டும் வலிமை பெருகுகிறது. அப்புள்ளியில் கட்டி இருக்குமாறு கணக்கிடுவதே மருத்துவர், கதிரியற்பியலர் ஆகியோரின் திறன். கட்டியின் விளிம்பில் 12 அல்லது 13 கிரே என்னும் அளவே பொதுவாகத் தரப்படுகிறது.

எல்லாருக்கும் இதுவே வழி என்று கருத வேண்டா. சிறிய கட்டியாயின், படம் எடுத்துக் கண்காணித்து வருவதே போதுமென மருத்துவர் சொல்லக்கூடும். 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்டு மூளைத்தண்டை அழுத்தும் கட்டிக்குப் பெரும்பாலும் கத்தி கொண்டு செய்யும் அறுவையே ஏற்றது. இடைப்பட்ட அளவினர்க்குக் கதிர் அறுவை நல்ல வழி. பொதிகை விரைவு இரயிலில் சென்னை சென்றேன். மரத்துப்போகும் ஊசியிட்டுத் தலையில் சட்டம் ஒன்றைப் பொருத்தினர். சிகிச்சை முடிந்த மறுநாளே திரும்பிவிட்டேன். தையல் இல்லை, தலைமயிரும் உதிரவில்லை.

அடங்கிய கட்டி

என் உரையின் நடுவான செய்தி இனி வருவது. கதிர் அறுவை கட்டியை அகற்றுவதில்லை. அதன் வளரும் ஆற்றலை அழிக்கிறது. வளராமல் நின்றாலே சிகிச்சை வென்றது என்று பொருள். பத்து ஆண்டுகள் கடந்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கட்டி அடங்கியே இருப்பதை உலகெங்கும் உள்ள மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். முக நரம்பு பழுதுபடுதல் மிகக் குறைவு.

இதனை அறியாத உறவினர், "கட்டி இன்னும் இருக்கிறதாமே! அவ்வளவு செலவும் வீணா?" என்று வினவுவர். அதைவிடக் கடினமான சோதனை முதல் ஒன்றரை ஆண்டுக்குள் வருகிறது. கதிர் பட்ட கட்டி, அடங்குமுன் சற்றே வீங்குவதுண்டு. ஆறாம் மாதத்துப் படத்தில் என் கட்டி 18 மில்லிமீட்டராகக் காட்சியளித்தது. அறிக்கையைப் படித்த என் துணைவியார் இரண்டு நாள் உறங்கவில்லை. மருத்துவரோ படத்தில் கட்டியின் நடுப்பகுதி கருமையாகத் தோன்றுவதைச் சுட்டிக்காட்டி, கதிர் வேலை செய்வதன் அடையாளம் அது எனத் தேற்றினார். மூன்றாம் ஆண்டில் 14 மில்லிமீட்டர். இன்றும் அதே அளவு. ஆகவே, முதல் படத்தில் கட்டி பெரிதாகத் தெரிந்தால் அஞ்சி மற்றோர் அறுவைக்கு ஓடாதீர்கள். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் பழைய படங்களையும் புதியவற்றையும் சேர்த்துக் காட்டுங்கள். படங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வரிசையாக வைத்திருப்பது பெருந்துணை.

அஞ்ச வேண்டாதவற்றைச் சொன்னேன். விரைய வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். நாளுக்கு நாள் மிகும் தலைவலி, வாந்தி, நடை மேலும் மேலும் தள்ளாடுதல், முகத்தில் புதிதாக மரப்பு அல்லது கோணல், இரட்டைப் பார்வை ஆகியவற்றுள் எதுவாயினும் அடுத்த படம் எடுக்கும் நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைக் காணுங்கள். ஆறாம் மாதம், ஓராண்டு, அதன்பின் சில காலம் ஆண்டுக்கொருமுறை, பிறகு இடைவெளி விட்டு என எம்.ஆர்.ஐ. படம் தொடர வேண்டும். நலமாக இருக்கிறோம் என்று இதனைக் கைவிடலாகாது.

ஒரு செவியோடு வாழ்தல்

கதிர் அறுவை இழந்த செவித்திறனை மீட்டுத் தருவதில்லை. எஞ்சியிருப்பதும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையக்கூடும். நம் நூல்கள் உயிர்களை ஓரறிவு முதல் ஐயறிவு வரை வகுக்கும்போது மெய், வாய், மூக்கு, கண் இவற்றிற்குப் பின் செவியை இறுதியில் வைத்து எண்ணுகின்றன. அந்த ஐந்தாம் அறிவு பாதியானபோதுதான் அதன் அருமை தெரிகிறது.

அமைதியான அறையில் ஒருவரோடு பேசுவது எனக்கு எளிது. பந்தியிலும் திருமண மண்டபத்திலும் பலர் ஒருசேரப் பேசும்போது சொற்கள் கலந்துவிடுகின்றன. ஆடிப்பூரத் தேரோட்டத்தின் கூட்டத்தில் என்னை அழைப்பவர் எங்கே நிற்கிறார் என்று அறிய இயலாது. சாலையைக் கடக்கும்போது வண்டியின் ஒலி எப்பக்கத்தது எனத் தெரியாது. ஆகலின் இருபுறமும் கண்ணால் பார்த்தே கடக்கிறேன். கேளாத பக்கத்து ஒலியைக் கேட்கும் செவிக்கு அனுப்பும் கிராஸ் என்னும் கருவி உண்டு. அதைச் செவித்திறன் வல்லுநரிடம் அணிந்து பார்த்து முடிவு செய்யலாம்.

செவி இரைச்சல் முற்றும் நீங்குவதில்லை. இரவின் அமைதியில் அது பெரிதாகத் தோன்றும். மின்விசிறியின் மெல்லிய ஓசை அதனைத் தணிக்கிறது. அதனோடு போராடுவதை விட்டபின் நாளின் பெரும்பகுதியில் அது என் நினைவிலேயே இருப்பதில்லை.

சமநிலையும் நம் வழிபாடும்

உடலின் சமநிலை கண், உட்செவி, பாதங்களும் மூட்டுகளும் தரும் உணர்வு என்னும் மூன்றின் கூட்டால் அமைகிறது. உட்செவியில் ஒரு பக்கம் குறைந்தால் மூளை மற்ற இரண்டையும் கூடுதலாகச் சார்ந்து பழகிக்கொள்ளும். அப்பழக்கத்தை விரைவாக்கப் பயிற்சிகள் உண்டு. கட்டை விரலைக் கண்ணெதிரே நீட்டி, பார்வையை அதன்மீது நிறுத்தித் தலையை மட்டும் இடவலமாகத் திருப்புவது அவற்றுள் ஒன்று. உடற்பயிற்சி மருத்துவரிடம் முறையாகக் கற்று நாள்தோறும் செய்தல் நன்று. படுத்தே கிடந்தால் மூளை பழகாது, நடந்தால்தான் பழகும்.

நம்மவர்க்கென்றே சொல்ல வேண்டிய சில உள. காயோத்சர்க்க நிலையில் கண்மூடி அசையாது நிற்கிறோம். கால்களைச் சேர்த்து நிற்கச் செய்து, கண்ணை மூடச் சொல்லி, உடல் சாய்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றை மருத்துவரும் செய்கின்றனர். ரோம்பெர்க் சோதனை என்பது அதன் பெயர். செவி நரம்பு குறையுற்றவர்க்குக் கண் மூடியவுடன் ஒரு தூண் சாய்ந்துவிட்டது போலாகும். எனவே இத்தகையோர் அமர்ந்த நிலையிலேயே தியானம் செய்யலாம். நின்றே செய்ய விரும்பினால் சுவரருகே நிற்கலாம். கழுகுமலைக்குச் சென்று தீர்த்தங்கரர் சிற்பங்களை வணங்குவோர் பாறைச் சரிவில் ஊன்றுகோலோடும் ஒரு துணையோடும் ஏறுங்கள். இறங்கும்போது கூடுதல் கருத்து வேண்டும்.

இருளில் கண்ணின் துணையும் போய்விடுவதால் தள்ளாட்டம் மிகும். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கம் இவ்வகையில் நன்மையே. விடியற்காலை வழிபாட்டிற்குச் செல்வோர் கைவிளக்கு இன்றிச் செல்ல வேண்டா. கதிர் அறுவைக்குப் பின் வீக்கம் தணிக்கச் சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரை தரப்படுவதுண்டு. அதை உணவோடு உட்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. அந்நாள்களில் உபவாசம் மேற்கொள்ள எண்ணுவோர் முன்னதாக மருத்துவரிடம் கேட்டறிதல் கடமை.

இல்லத்தாரும் உறவினரும்

மூன்று ஐயங்கள் நம் குடும்பங்களில் எழுகின்றன. கதிர் பெற்றவர் பேரக் குழந்தையைத் தூக்கலாமா என்பது ஒன்று. கதிர் வெளியிலிருந்து வந்து அப்போதே முடிந்துவிடுகிறது, உடலில் எதுவும் தங்குவதில்லை, தாராளமாகத் தூக்கலாம். இது தொற்றுமா என்பது மற்றொன்று. தொற்றாது.

மூன்றாவது ஐயம் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. நம் சமுதாயம் சிறியது. தந்தைக்குத் தலையில் கட்டி என்றால் மகளின் திருமணப் பேச்சு தடைப்படுமோ என்று நோயையே மறைக்கும் இல்லங்கள் உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் தனித்துத் தோன்றும் இக்கட்டி, மிகப் பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. இரு செவி நரம்புகளிலும் இளமையிலேயே தோன்றும் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் இரண்டாம் வகை என்னும் வேறொரு நோய் மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்லக்கூடியது. அது மிக அரிது. இவ்வேறுபாட்டை அறியாமல் ஒரு பெண்ணின் வாழ்வைத் தடுப்பது அறமாகாது. மறைப்பதால் சோதனை தள்ளிப்போகிறது. சோதனை தள்ளிப்போவதால் சிறிய கட்டி பெரிதாகிறது.

இல்லத்தார் செய்ய வேண்டியவை எளியவை. கேட்கும் செவியின் பக்கம் அமருங்கள். முகம் பார்த்துப் பேசுங்கள். வேறு அறையிலிருந்து அழைத்துவிட்டு விடை வரவில்லை என்று சினவாதீர்கள். கூவுவதால் பயனில்லை, நிறுத்திச் சொன்னால் போதும். நோயுற்றவரும், "எனக்கு இப்பக்கம் கேளாது" என்று முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. சொல்லாதவரை, அழைத்தும் திரும்பாதவரைச் செருக்குடையவர் என்றே உலகம் எண்ணும்.

ஒரு வேண்டுகோள்

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என நால்வகைத் தானத்தை நம் முன்னோர் போற்றினர். மருந்துத் தானம் இக்காலத்தில் மாத்திரை வழங்குவதோடு நின்றுவிட வேண்டியதில்லை. நோயை உரிய காலத்தில் கண்டறிய உதவுவதும் அதன்பாற்படும். அடுத்த ஆண்டு விழாவில், ஒவ்வொரு செவியையும் தனித்தனியே அளக்கும் சோதனை முகாம் ஒன்றை நம் அறக்கட்டளை நடத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சொற்பொழிவு அரங்கில் முன்வரிசையின் இரு ஓரங்களிலும் சில இருக்கைகளைச் செவித்திறன் குறைந்தோர்க்கென ஒதுக்கினால், அவரவர் தமக்கேற்ற பக்கத்தில் அமர்ந்து அறவுரை கேட்க இயலும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

சில நோய்கள் தீர்ந்து விலகும். சில, அடங்கி உடன் இருக்கும். உடன் இருப்பதை அறிவோடு ஏற்று, காலந்தோறும் கண்காணித்து, இயன்ற பணிகளைச் செய்து வாழ்வதும் ஒரு முழு வாழ்வே. இத்தகையோர் ஒருவர் உங்கள் தெருவில் இருப்பின் இவ்வுரையை அவர்க்குப் படித்துக் காட்டுங்கள்; அவருடைய நல்ல செவியின் பக்கம் அமர்ந்து காட்டுங்கள்.